ஹ்மோங் மக்கள்: எங்கிருந்து வந்தார்கள், என்ன பேசுகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செயின்ட் பால் உழவர் சந்தைக்குச் சனிக்கிழமை காலையில் போனால் பாகற்காய், கொத்தமல்லி, எலுமிச்சைப் புல், ஊசிமிளகாய் என்று நமக்குப் பழகிய சரக்கு நிறையக் கிடைக்கும். விற்பவர்களில் பலர் ஹ்மோங் பாட்டிகள். பக்கத்தில் சில்லறை எண்ணிக் கொடுக்கப் பேரப்பிள்ளைகள். அமெரிக்காவின் மினசோட்டாவுக்கு வந்த புதிதில் அப்படி ஒரு பாட்டியிடம் "நீங்கள் சீனாவா?" என்று கேட்டேன். பேத்தி நிமிர்ந்து பார்த்த பார்வையில் அடுத்த கேள்வி தொண்டையிலேயே நின்றுவிட்டது. அதற்கப்புறம் கொஞ்சம் படித்தேன், கொஞ்சம் பழகினேன். இப்போது ஊரிலிருந்து வருகிறவர்கள் அதே சந்தையில் நின்று அதே கேள்விகளை என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லிச் சலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

ஹ்மோங் என்பவர்கள் எந்த நாட்டுக்காரர்கள்?

ஹ்மோங் என்று ஒரு நாடு இல்லை. இருந்ததற்கு உறுதியான சான்றும் இல்லை. தென்மேற்குச் சீனாவின் மலைகள், வடக்கு வியட்நாம், லாவோஸ், வடக்குத் தாய்லாந்து ஆகியவைதான் அவர்கள் காலங்காலமாக வாழும் இடங்கள். வியட்நாமின் 2019 கணக்கெடுப்பில் சுமார் 13.9 லட்சம் பேர். லாவோஸில் 2015-ல் ஏறத்தாழ 6 லட்சம். 1975-க்குப் பிறகு அகதிகளாகக் கிளம்பியவர்கள் அமெரிக்கா, பிரான்ஸ், ஆஸ்திரேலியா, பிரெஞ்சு கயானா வரை போய்ச் சேர்ந்தார்கள். அமெரிக்காவின் 2010 கணக்கெடுப்பில் 2,60,073 பேர். இப்போது 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் ஒட்டுமொத்தப் பிரிவில் தங்கம் வாங்கிய சுனிசா லீ இந்தச் செயின்ட் பால் பெண்தான்.

பெயரை எப்படி உச்சரிப்பது? முன்னால் அந்த 'ஹ்' எதற்கு?

உதட்டை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மட்டும் காற்றை விட்டு, அப்படியே 'மோங்' என்று தொடங்க வேண்டும். நாம் வேண்டாம் என்பதற்கு 'ம்ஹும்' என்போமே, அதில் ம்-ஐ ஒட்டி வரும் அந்த மூச்சு இங்கே ம்-க்கு முன்னால் வருகிறது. வராவிட்டால் 'மோங்' என்றே சொல்லுங்கள், தப்பில்லை. அவர்களிலேயே ஒரு பெரும் பிரிவினர் அப்படித்தான் சொல்கிறார்கள். அது வேறொரு சண்டைக்குக் காரணமான கதை, கீழே வருகிறது.

ஹ்மோங் என்றால் 'சுதந்திரமானவன்' என்று பொருளாமே?

சுவரொட்டிகளில் அப்படித்தான் போடுகிறார்கள். அகதிகளாக வந்த தலைமுறைக்கு அந்த விளக்கம் ஒரு தெம்பைக் கொடுத்தது. ஆனால் மொழியியலில் அதற்கு ஆதாரம் இல்லை. ஹ்மோங், அவர்களின் உறவு மொழிக்காரர்களான மியென், இரண்டு பெயர்களும் ஒரே பழைய வேர்ச்சொல்லிலிருந்து கிளைத்தவை என்று கருதுகிறார்கள். தங்களை 'மக்கள்' என்று சொல்லிக்கொள்ளும் பெயர், அவ்வளவுதான்.

'மியாவ்' என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஆனால் குழப்பம் வருவது நியாயம். மியாவ் என்பது சீன அரசு வைத்திருக்கும் ஒரு பெரிய பெட்டி. 2020 கணக்கில் அந்தப் பெட்டிக்குள் 1.1 கோடிப் பேர். அதற்குள் ஹ்மோங் இருக்கிறார்கள், கிழக்குக் குய்சோவின் ஹ்மு இருக்கிறார்கள், மேற்கு ஹூனானின் கோ ஷியோங் இருக்கிறார்கள், ஆ-ஹ்மாவ் இருக்கிறார்கள். உறவு மொழிகள்தான், ஆனால் ஹ்மு பேசுவது ஹ்மோங்குக்குப் புரியாது. தமிழ், தெலுங்கு, கோண்டி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே இனம் என்று பதிவேட்டில் எழுதினால் எப்படியிருக்கும்? ஏறக்குறைய அப்படி.

சீனாவில் மியாவ் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, அது அலுவல் பெயர். லாவோஸிலும் தாய்லாந்திலும் அதே சொல் 'மேவ்' என்று திரிந்து வசைச்சொல்லாகிவிட்டது. 1970களில் யாங் தாவ் என்ற அறிஞர் 'எங்களை ஹ்மோங் என்றே அழையுங்கள்' என்று விடாமல் எழுதியும் பேசியும் வந்தார். ஹ்மோங் மக்களில் முதன்முதலாக முனைவர் பட்டம் பெற்றவர் அவர். இன்று உலகம் அந்தப் பெயரைச் சொல்வதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

பூர்வீகம் சைபீரியா, மங்கோலியா என்று எங்கோ படித்தேனே?

நானும் படித்தேன், நம்பவும் நம்பினேன். அந்தக் கதைக்கு ஒரு தந்தை உண்டு. சவினா என்ற பிரெஞ்சுப் பாதிரியார் லாவோஸ், வியட்நாம் மலைகளில் ஹ்மோங் மக்களோடு பழகியவர். பகல் ஆறு மாதம், இரவு ஆறு மாதம், தண்ணீர் கெட்டியாகிக் கிடக்கும் ஒரு பழைய தேசம் என்று அவர்களின் பாட்டுகளில் வருவதைக் கேட்டார். வடதுருவப் பக்கம்தான் என்று முடிவுகட்டி 1924-ல் நூலாக வெளியிட்டுவிட்டார். பிறகு வந்த சிலர் அதை அப்படியே எடுத்துக் கையாண்டார்கள், இன்றும் பள்ளிக் கட்டுரைகளில் சுற்றுகிறது.

மொழி வேறு கதை சொல்கிறது. ஹ்மோங்கில் வயலில் நிற்கும் நெல்லுக்கு ஒரு சொல், ம்ப்ளே. உமி நீக்கிய அரிசிக்கு வேறு சொல், த்ஸு. வெந்த சோற்றுக்கு இன்னொன்று, மொ. நெல், அரிசி, சோறு என்று பிரித்துச் சொல்லும் நமக்கு இதில் வியப்பில்லை. 'ரைஸ்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர்களுக்குத்தான் வியப்பு. ம்ப்ளே என்ற சொல்லுக்கு மியென் மொழியிலும் இணைச்சொல் உண்டு. அப்படியென்றால் இரண்டு கிளைகளும் பிரிவதற்கு முன்பே, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, அவர்கள் நெல்லை அறிந்தவர்கள். மார்த்தா ராட்லிஃப் போன்ற மொழியியலாளர்கள் அந்த மூதாதை மொழியின் செடிகொடி, விலங்கு, உணவுச் சொற்களை மீட்டெடுத்துப் பார்த்ததில் தெரிவது வெப்பமான தென்சீன நிலம், பனிப் பாலை அல்ல.

மரபணுவும் அந்தப் பக்கமே கைகாட்டுகிறது. யாங்சி நதியோரத்தில் தாசி என்ற புதிய கற்காலப் பண்பாட்டின் எலும்புகளில் கிடைத்த ஒரு தந்தைவழிக் கிளை, இன்றைய ஹ்மோங்-மியென் மக்களிடம் கணிசமாகக் காணப்படுகிறது. ஆகவே யாங்சியின் நடுப்பகுதியும் அதற்குத் தெற்கும் என்று சொல்வதுதான் இப்போதைக்கு நியாயமான பதில். பாட்டில் வரும் பனிக்கு என்ன பதில் என்றால், குய்சோ மலைகளிலும் குளிர்காலத்தில் உறைபனி விழும். அதற்குச் சைபீரியா வரை போக வேண்டியதில்லை.

சீனர்களுக்கு முன்பே இருந்த அரசர் சியோவின் வழிவந்தவர்களா?

சியோ என்பவர் சுவோலு போர்க்களத்தில் மஞ்சள் பேரரசரிடம் தோற்ற தலைவர் என்பது சீனப் பழங்கதை. வென்றவர்கள் சொன்ன கதையில் அவர் அசுரன். தோற்ற பக்கத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு அவர் பாட்டன். நம் ஊரில் மகாபலிக்கும் இராவணனுக்கும் நடப்பது போலத்தான். 1990களில் சீனாவில் சுவோலுவில் மஞ்சள் பேரரசரோடு சியோவுக்கும் சேர்த்தே மண்டபம் கட்டிவிட்டார்கள். அமெரிக்க ஹ்மோங் இளைஞர்கள் சிலர் அவர் உருவத்தைப் பச்சை குத்திக்கொள்கிறார்கள். வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. பழைய நூல்களில் வரும் 'மூன்று மியாவ்' என்ற சொல்லும் தெற்கே இருந்த பலரை மொத்தமாகக் குறித்த சொல், இன்றைய மக்களோடு நேராக முடிச்சுப் போடுவது கஷ்டம்.

சீனாவை விட்டு ஏன் தெற்கே இறங்கினார்கள்?

நிலம், வரி, படை. மிங், சிங் பேரரசுகள் தென்மேற்கு மலைகளுக்குள் நுழைந்தபோது அங்கிருந்தவர்களை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். வரி கட்டிப் பதிவேட்டில் இருப்பவன் 'வெந்த மியாவ்', மலையில் கட்டுப்படாமல் இருப்பவன் 'பச்சை மியாவ்', அதாவது வேகாதவன். அந்த இரண்டையும் பிரிக்க மேற்கு ஹூனானில் 1615 வாக்கில் ஒரு நீண்ட சுவரே எழுப்பினார்கள். 18-ஆம் நூற்றாண்டில் உள்ளூர்த் தலைவர்களை நீக்கிவிட்டுச் சீன அதிகாரிகளை நேரடியாக உட்காரவைத்தார்கள். பின்னாலேயே நிலம் தேடிக் குடியேறிகள் வந்தார்கள்.

விளைவு மூன்று பெரிய கிளர்ச்சிகள்: 1735-36, 1795-1806, 1854-1873. முன்னணியில் நின்று செத்தவர்களில் பெரும்பகுதி ஹ்முவும் கோ ஷியோங்கும். ஆனால் அடக்குமுறையும் பஞ்சமும் வந்தபோது உள்ளே வேறுபாடு பார்த்து வரவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டு முழுக்க ஹ்மோங் குடும்பங்கள் சிறுசிறு கூட்டமாக மலைமுகடு வழியே வியட்நாமுக்கும் லாவோஸுக்கும் இறங்கின. பள்ளத்தாக்குகளில் முன்பே ஆள் இருந்தார்கள், மீதி இருந்தது உச்சி. அங்கே காட்டை எரித்து மலைநெல், அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்திருந்த மக்காச்சோளம், அப்புறம் காசுக்கு அபினி. பிரெஞ்சுக்காரர்கள் அந்த அபினியைக் கொள்முதல் செய்து விற்றுக் காலனி அரசை நடத்தினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

லாவோஸில் அமெரிக்காவுக்காக ஏன் சண்டை போட்டார்கள்?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் 'கம்யூனிசத்தை எதிர்த்தார்கள்' என்று ஒரே வரியில் பதில் கிடைக்கும். எனக்கு அது போதாது. இதில் ஒரு குடும்பச் சண்டை இருக்கிறது.

முதலில் 1918-லிருந்து 1921 வரை பா சாய் என்பவர் தலைமையில் பிரெஞ்சு வரிக்கு எதிராக ஒரு கலகம். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு 'பைத்தியக்காரனின் போர்' என்று பெயர் வைத்தார்கள். ஹ்மோங் மக்களுக்கு அது 'பா சாயின் போர்'. அதை அடக்கிய பிறகு, இவர்களை இவர்களுடைய ஆளை வைத்தே ஆள்வது நல்லது என்று பிரெஞ்சுக்காரர்கள் நினைத்தார்கள். நோங் ஹெட் பகுதியில் அந்தப் பதவிக்கு லோ குலமும் லீ குலமும் மோதின. இரண்டும் சம்பந்தம் செய்துகொண்ட குலங்கள். லோ வீட்டுப் பெண் லீ வீட்டில் வாழப் போய், வாழ்க்கை கசந்து இறந்தாள். அந்தப் பகை ஆறவில்லை. 1930களின் கடைசியில் பதவி லீ பக்கம் போனது. அந்த வீட்டு மகன் தூபி லீஃபூங் பிரெஞ்சுக்காரர்களோடு நின்றார். லோ பக்கத்து ஃபைதாங் எதிர்ப்பக்கம் போய், பிறகு பாத்தெட் லாவ் என்ற லாவோஸ் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் பெருந்தலைவர்களில் ஒருவரானார். முறைப்படி தூபிக்கு ஃபைதாங் தாய்மாமன். மாமனும் மருமகனும் பேசாமல் போனதில் ஒரு இனமே இரண்டு முகாமாகப் பிரிந்தது என்றால் மிகைதான், ஆனால் கொஞ்சம்தான் மிகை.

லாவோஸ் நடுநிலை நாடு என்று 1962-ல் ஜெனீவாவில் ஒப்பந்தம் ஆனது. ஆகவே அமெரிக்கா அங்கே வெளிப்படையாகப் படை இறக்க முடியாது. 1961-லேயே சிஐஏ தேடிப்பிடித்திருந்த ஆள் வாங் பாவ் என்ற ஹ்மோங் ராணுவ அதிகாரி. லோங் தியேங் என்ற பள்ளத்தாக்கில், வரைபடத்தில் இல்லாத ஒரு ஊரும் விமானத்தளமும் உருவாயின. வட வியட்நாம் படைகளைத் தடுப்பது, விழுந்த விமானங்களின் ஓட்டிகளை மீட்பது, ரேடார் நிலையங்களைக் காப்பது எல்லாம் ஹ்மோங் வேலை. ஆண்கள் செத்துத் தீர்ந்த பிறகு 13, 14 வயதுப் பையன்கள் துப்பாக்கி தூக்கினார்கள். 1964-லிருந்து 1973 வரை அமெரிக்கா லாவோஸ் மீது போட்ட குண்டுகள் 20 லட்சம் டன்னுக்கு மேல். வெடிக்காமல் மண்ணில் கிடப்பவை இன்றும் ஆட்களைக் கொல்கின்றன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஃபைதாங் பக்கம் நின்ற ஹ்மோங் மக்களும் ஏராளம். லாவோஸ் நாடாளுமன்றத்தின் தலைவராக 2010-லிருந்து 2021 வரை இருந்த பானி யாதோது ஒரு ஹ்மோங் பெண்.

1975-க்குப் பிறகு என்ன நடந்தது?

மே மாதம் 14-ஆம் தேதி வாங் பாவ் லோங் தியேங்கிலிருந்து பறந்துபோனார். விமானத்தில் ஏற முடிந்தது சில ஆயிரம் பேருக்குத்தான். மற்றவர்கள் ஓடுதளத்தில் நின்றார்கள், பிறகு நடக்க ஆரம்பித்தார்கள். காடு, மலை, கடைசியில் மேகாங் ஆறு. மலைமக்களில் நீச்சல் தெரிந்தவர்கள் குறைவு. மூங்கில் கட்டு, டயர் டியூப், கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு இரவில் கடந்தார்கள். அழுதால் காவலுக்கு நிற்பவர்களுக்குக் கேட்டுவிடும் என்று கைக்குழந்தைகளுக்கு அபினி கொடுத்தார்கள். அளவு தப்பிக் கண் திறக்காமலே போன குழந்தைகள் உண்டு. அந்தத் தலைமுறைப் பாட்டிகளிடம் ஆற்றைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள்.

தாய்லாந்தில் பான் வினாய் போன்ற முகாம்களில் பல ஆண்டுகள். அங்கிருந்து அமெரிக்கா. ஒரே இடத்தில் கூட்டம் சேரக் கூடாது என்று அமெரிக்க அரசு அகதிகளை மாநிலம் மாநிலமாகச் சிதறடித்துக் குடிவைத்தது. குலத்தோடு வாழ்ந்து பழகியவர்கள் கேட்பார்களா? பழைய கார்களை வாங்கிக்கொண்டு சொந்தக்காரர்கள் இருக்கும் இடம் தேடி மறுபடி கிளம்பினார்கள். கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ, பிறகு மினசோட்டா, விஸ்கான்சின் என்று இன்று இருக்கும் பெரிய குடியிருப்புகள் இந்த இரண்டாவது நகர்வில் உருவானவை. கடைசிப் பெரிய கூட்டம், வாட் தாம் க்ராபோக் என்ற புத்த மடத்தில் தங்கியிருந்த சுமார் 15,000 பேர், 2004-லிருந்து வந்தார்கள்.

தென் அமெரிக்காவிலும் இருக்கிறார்களாமே?

ஆமாம், பிரெஞ்சு கயானாவில். 1977-ல் காட்டுக்குள் கக்காவ் என்ற கிராமத்தில் சில நூறு பேரைக் குடிவைத்தது பிரான்ஸ். இரண்டு ஆண்டு கழித்து ஜாவுஹே. சிறிய கூட்டம்தான், ஆனால் அங்குள்ள சந்தைக்கு வரும் காய்கறி, பழத்தில் பெரும்பங்கு அவர்கள் விளைவிப்பது.

வெள்ளை ஹ்மோங், பச்சை ஹ்மோங் என்பது தோல் நிறமா?

பாவாடை நிறம். ஹ்மோங் டாவ், அதாவது வெள்ளை ஹ்மோங் பெண்களின் மடிப்புப் பாவாடை வெறும் வெள்ளைச் சணல் துணி. இன்னொரு பிரிவுப் பெண்கள் மெழுகு தொட்டு அவுரியில் முக்கிச் சாயமேற்றிய பாவாடை உடுத்துவார்கள். அவர்களை வெளியார் மோங் ன்ஜுவா என்பார்கள். ன்ஜுவா என்ற சொல் பச்சை, நீலம் இரண்டையும் வளைத்துக் குறிக்கும், அதனால்தான் சில புத்தகத்தில் பச்சை, சில புத்தகத்தில் நீலம். அவர்களே தங்களைச் சொல்லிக்கொள்ள விரும்பும் பெயர் மோங் லேங். கவனியுங்கள், முன்னால் 'ஹ்' இல்லை. அவர்கள் பேச்சில் அந்த மூச்சு ம் கிடையாது.

இதுதான் நான் மேலே சொன்ன சண்டை. 2003-ல் லாவோஸ் போரைப் பள்ளியில் கற்பிக்கச் சொல்லும் மசோதா ஒன்று கலிஃபோர்னியச் சட்டமன்றத்துக்கு வந்தது. அதில் 'ஹ்மோங்' என்று மட்டும் இருந்ததால், 'மோங் என்ற நாங்கள் எங்கே?' என்று மோங் லேங் பிரிவினர் எதிர்த்தார்கள். 'நாங்கள் எல்லாருமே ஒன்றுதான்' என்று மற்றவர்கள் பதில் சொன்னார்கள். கடைசியில் தென்கிழக்கு ஆசியர் என்று பொதுவாக மாற்றி எழுதினார்கள். ஓர் எழுத்துக்கு இவ்வளவா என்று தோன்றும். எழுத்துச் சீர்திருத்தத்துக்கும் கிரந்தத்துக்கும் நாம் போடும் சண்டையை அவர்களிடம் சொன்னால் அவர்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

அந்த இரண்டு வழக்கும் ஒருவருக்கொருவர் புரியுமா?

புரியும். யாழ்ப்பாணத்தாரும் கோவைக்காரரும் பேசிக்கொள்வது போல, முதல் ஐந்து நிமிஷம் காது கூர்மையாக வேண்டும். மாற்றங்கள் ஒழுங்கானவை என்பதால் பழகிவிடும். வெள்ளை வழக்கில் 'ட' வரும் இடத்தில் மற்றதில் 'ட்ல' வரும். நாய் அங்கே டே, இங்கே ட்லே. ஆவி அங்கே டா, இங்கே ட்லா.

உயிரெழுத்தில்தான் வேடிக்கை. வெள்ளை வழக்கில் 'இயா' என்பது மோங் லேங் பேச்சில் 'ஆ' ஆகிவிடும். வெள்ளை வழக்கில் ஷியா என்றால் ஈரல், ஷா என்றால் பக்கம். மோங் லேங் பேசுபவர் ஈரலையே ஷா என்பார். பக்கம் என்பதற்கு அவரிடம் வேறு ஒரு ஆகாரம் இருக்கிறது. இரண்டு வழக்கும் கலந்து கல்யாணம் ஆன வீடுகளில் மருமகள்கள் இதைச் சமாளிக்கப் படும் பாடு தனி.

ஈரல் என்றதும் சொல்லிவிடுகிறேன். ஹ்மோங் மனத்தை நெஞ்சில் வைப்பதில்லை, ஈரலில் வைக்கிறார்கள். மகிழ்ச்சி என்றால் 'ஈரல் நன்றாக இருக்கிறது'. மனவருத்தம் என்றால் 'ஈரல் அறுந்தது'. பொறுமைசாலிக்கு நீண்ட ஈரல், முன்கோபிக்குக் குட்டை ஈரல். ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும்போது இதயம் என்று மாற்றிவிடுகிறார்கள். ஈரக்குலை நடுங்குகிற நமக்கு அந்த மாற்றம் தேவையே இல்லை.

எட்டு சுரம் என்கிறார்களே, அது என்ன?

ஒரே அசையை எந்த ஏற்ற இறக்கத்தில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துச் சொல்லே மாறும். வெள்ளை ஹ்மோங்கில் ஏழு முக்கியச் சுரம், எட்டாவது சில இடங்களில் மட்டும். 'பொ' என்ற ஓர் அசையை எடுங்கள். உயரத்தில் சொன்னால் பந்து. நடுவிலிருந்து ஏற்றினால் எறி. நடுவிலேயே நிறுத்தினால் மண்ணீரல். தாழ்த்திச் சொன்னால் முள். மூச்சோடு இறக்கினால் அப்பாவைப் பெற்ற பாட்டி. தொண்டையை வெட்டி நிறுத்தினால் பார். உயரத்திலிருந்து விழவைத்தால் பெண்பால். புத்தாண்டில் கல்யாண வயது ஆண்களும் பெண்களும் எதிரெதிரே நின்று பந்து போட்டுப் பிடிக்கும் விளையாட்டுக்குப் பெயரே 'பொ பொ', பந்து எறிதல். என் வாயில் அது முள் எறிந்து மண்ணீரலில் முடிகிறது.

1950களின் தொடக்கத்தில் லாவோஸில் மூன்று மிஷனரிகள் இந்தச் சுரத்தை ரோமன் எழுத்தில் எழுத ஒரு தந்திரம் செய்தார்கள். ஹ்மோங் சொல் எதுவும் மெய்யில் முடிவதில்லை, மிஞ்சினால் மூக்கொலியில் முடியும். ஆகவே கடைசியில் வரும் எழுத்து சும்மாதானே இருக்கிறது, அதைச் சுரத்துக்கு அடையாளமாக்கிவிட்டார்கள். கடை வாசல் பலகையில் ஹ்மோங் என்பதை 'பி' (b) எழுத்தில் முடித்திருப்பதைப் பார்த்து 'ஹ்மூப்' என்று படிக்காதீர்கள். அந்த 'பி' என்றால் குரலை உயர்த்து என்று பொருள்.

சொந்த எழுத்தே இல்லையா?

ஒரு காலத்தில் இருந்தது, ஆற்றைக் கடக்கும்போது புத்தகம் தண்ணீரில் போய்விட்டது என்று கதை. குதிரை தின்றுவிட்டது என்றும் ஒரு கதை. மிச்சம் மீதியைப் பெண்கள் பாவாடைப் பூவேலையில் ஒளித்துவைத்தார்கள் என்பது மூன்றாவது.

கதைகள் இருக்கட்டும், உண்மையில் நடந்தது அதைவிட வியப்பு. ஷோங் லுவே யாங் என்ற விவசாயி, எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாதவர், 1959-ல் ஒரு முழு எழுத்துமுறையை உருவாக்கினார். பஹாவ் ஹ்மோங் என்று பெயர். தெய்வம் தந்தது என்றார். பின்பற்றுபவர்கள் பெருகினார்கள். இரண்டு பக்க ராணுவமும் சந்தேகப்பட்டது, 1971-ல் சுட்டுக் கொன்றார்கள். அதற்குள் அவரே அந்த எழுத்தைப் பலமுறை திருத்திச் செம்மையாக்கிவிட்டார். அதில் உயிரும் சுரமும் முதலில் எழுதப்படும், மெய் பின்னால் வரும், படிப்பதோ மெய்யிலிருந்து. மொழியியலாளர்கள் இதை அபூர்வம் என்பார்கள். 'கெ', 'கே', 'கை' எழுதும்போது கொம்பை முதலில் போட்டுவிட்டுக் ககரத்தைப் பிறகு எழுதும் நமக்கு அதன் சாயல் தெரியும். அங்கே எல்லா எழுத்தும் அப்படி. 2014-ல் யூனிகோடில் சேர்ந்தது.

எல்லாருக்கும் வாங், யாங், ஷியோங், லீ என்றே பெயர் இருக்கிறதே?

அது குலப்பெயர். பதினெட்டு குலம் என்பது வழக்கமான கணக்கு. ஒரே குலத்தில் பெண் எடுக்க முடியாது. ஒருவர் லாவோஸிலும் மற்றவர் விஸ்கான்சினிலும் பிறந்து ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை என்றாலும், இரண்டு பேரும் வாங் என்றால் அண்ணன் தங்கைதான். அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்றால் தடை இல்லை. பங்காளி, சம்பந்தி என்ற நம் பிரிப்பு அவர்களிடமும் சொல்லளவில் உண்டு: தன் குலத்தார் 'கூ தி', பெண் கொடுத்த, எடுத்த வகையறா 'நேங் ச்சா'.

இவ்வளவு அலைந்தவர்கள் வந்த வழியை எப்படி நினைவில் வைத்தார்கள்?

சாவுப் பாட்டில். க்ஹுவா கே, 'வழி காட்டுதல்' என்று பெயர். மரபு வழி நிற்கும் வீட்டில் யாராவது இறந்தால் அதைப் பாடத் தெரிந்தவர் ஒருவர் வந்து உட்கார்ந்து, இறந்தவரின் உயிரோடு நேராகப் பேசுவார். நீ இந்த ஊரில் வாழ்ந்தாய், இந்த மண்ணுக்கும் தண்ணீருக்கும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பு. இதற்கு முன் அந்த ஊரில் இருந்தாய், அங்கே போ, அங்கும் நன்றி சொல். அப்படி ஒவ்வொரு ஊராகப் பின்னோக்கிப் போய்ப் பிறந்த வீட்டை அடைய வேண்டும். அங்கே மண்ணுக்குள் நச்சுக்கொடி புதைத்திருக்கும். ஆண் பிள்ளையுடையது வீட்டு நடுத்தூணடியில், பெண் பிள்ளையுடையது பெற்றோர் கட்டிலடியில். ஹ்மோங்கில் அதற்குப் பெயர் சட்டை. பிறக்கும்போது கழற்றிப்போட்ட அந்தச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்ட பிறகுதான் உயிர் முன்னோரிடம் போக முடியும்.

செயின்ட் பாலில் கண்மூடும் ஒரு பாட்டிக்கு அந்தப் பாட்டு எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். இந்த ஊர், இதற்கு முன் ஃப்ரெஸ்னோ, அதற்கு முன் பான் வினாய் முகாம், அப்புறம் மேகாங்கை மறுபடி ஒருமுறை, இந்தத் தடவை எதிர்த்திசையில். பிறகு லாவோஸின் சியெங் குவாங் மலையில் இன்று இல்லாமல் போன ஏதோ ஒரு கிராமம்.

பாட்டு முடிந்ததும் கேங் எடுப்பார்கள். ஆறு மூங்கில் குழல் வைத்த வாத்தியம். அது ஊதுவது வெறும் மெட்டு என்று வெளியார் நினைப்பார்கள். மொழியே சுரத்தில் நடப்பதால் சுரத்தை ஊதினாலே சொல் வந்துவிடும். கேங் பேசுகிறது, கூடியிருப்பவர்களில் பயிற்சி உள்ளவர்களுக்கும் இறந்தவருக்கும் அது புரியும் என்பது நம்பிக்கை. இங்கே பிறந்த பேரப்பிள்ளைகள் பலருக்கு அது புரிவதில்லை. அதனால் கேங் வாசிக்கவும் க்ஹுவா கே பாடவும் கற்றுக்கொடுக்கும் வகுப்புகள் நடக்கின்றன.

சரி, சந்தையில் அந்தப் பாட்டியிடம் என்னதான் சொல்வது?

'ஞொ ழோங்' என்றால் வணக்கம், சொல்லுக்குச் சொல் 'நன்றாக இரு'. அந்த 'ழோ', நம் ழ-வுக்கும் ஜ-வுக்கும் நடுவில் எங்கோ வரும். நன்றிக்கு 'உவா சாவ்'. கொஞ்சம் பழகிவிட்டால் 'நொ மொ லாவ் லொ?' என்று கேட்கலாம், சோறு சாப்பிட்டாச்சா என்று பொருள். சுரம் தப்பும். நான் கேட்டபோதும் தப்பியது. பாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, பாகற்காய்ப் பையில் ஒரு கைப்பிடி மிளகாயைச் சும்மா போட்டுக் கொடுத்தார்.